பிரஸ்ஃபிட் பாட்டம் பிராக்கெட்: சத்தத்தைத் தேடிப் பிரித்த கதை

என் மவுண்டன் பைக்கை மிதிக்கும்போது வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. மழை, சேறு, வறண்ட புழுதி என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதற்கு முன்பும் நின்றிருக்கிறது, திரும்பியும் வந்திருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. அலுமினிய ஃபிரேம், 29 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். பின்பக்கம் 140 மி.மீ. அசைவு, 12 ஸ்பீடு (பின்னால் 12 பற்சக்கரங்கள்). கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் தொகுதியான பாட்டம் பிராக்கெட் பிபி92 வகை. அதாவது அது உட்காரும் ஃபிரேம் குழாயான ஷெல்லின் அகலம் 91.5 மி.மீ., துளை 41 மி.மீ. மரை கிடையாது. நைலான் கப்புக்குள் பேரிங் இருக்கும். அந்தக் கப்பை அப்படியே ஷெல்லுக்குள் அழுத்தி ஏற்ற வேண்டும், இதுதான் பிரஸ்ஃபிட். நடுவில், இரு பெடல் கைகளையும் இணைக்கும் 24 மி.மீ. கிராங்க் தண்டு ஓடும். ஃபிரேம் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இதே அமைப்பைப் பல கம்பெனிகள் போடுகின்றன, இதே தொல்லையும் பலருக்கு இருக்கிறது.

சத்தம் இப்படி: மேட்டில் அழுத்தி மிதித்தால், கிராங்க் ஒரு சுற்று வருவதற்குள் ஒரு தடவை ‘கிர்க்’. வலது பெடல் கீழே இறங்கும்போது மட்டும். சமதரையில் சும்மா மிதித்தால் ஒன்றும் இல்லை. ஈரத்தில் ஓட்டிய அன்று அமைதி, காய்ந்த பிறகு இரட்டிப்பாக வரும். ஈரத்தில் அடங்குகிறது என்றால் எங்கோ இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உராய்கின்றன, தண்ணீர் இடையில் புகுந்து வழுக்கிவிடுகிறது என்று அர்த்தம். எங்கே என்பதுதான் கேள்வி. அலுமினியக் குழாய் சத்தத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அப்படியே கடத்தும். சீட் கிளாம்பில் வரும் சத்தம் கிராங்கில் வருவதுபோலக் கேட்கும்.

அதனால் செலவில்லாத இடங்களிலிருந்து ஆரம்பித்தேன். நின்றுகொண்டு மிதித்தேன், சத்தம் இருந்தது. ஆக, சீட்டும் சீட் போஸ்டும் இல்லை. பெடல்களைக் கழற்றி மரையைத் துடைத்து கிரீஸ் வைத்துப் பூட்டினேன் (இடது பெடலுக்கு இடது மரை என்பதை மறந்தால் கிராங்க் கையின் மரையே போய்விடும்). செயின்ரிங் போல்ட்டுகள், பின் த்ரூ ஆக்சில், கேசட் லாக்ரிங், எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, கம்பெனி சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்கினேன்.

டிரெய்லர் ஹேங்கரை (கியர் மாற்றும் டிரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் துண்டு) கழற்றியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஹேங்கரும் ஃபிரேமும் சேரும் முகத்தில் கறுப்பாக ஒரு மாவு. அலுமினியம் அலுமினியத்தோடு உராய்ந்தால் வரும் தூள் அது. துடைத்து, மெல்லியதாக கிரீஸ் தடவிப் பூட்டினேன். சத்தம் போகவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மாவு எப்படி இருக்கும் என்று அப்போதே பார்த்து வைத்தது பின்னால் உதவியது.

ஹேங்கர் கையில் இருக்கும்போதே ஒரு வார்த்தை. விழுந்தால் முதலில் வளையட்டும் என்று வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யும் சிறு அலுமினியத் துண்டு அது. நல்ல யோசனை. ஆனால் பல வருடங்களாக ஒவ்வொரு கம்பெனியும், ஏன் ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலும், தனக்கென்று ஒரு வடிவம் வைத்துக்கொண்டது. என் ஃபிரேமுக்கான ஹேங்கரைத் தேடி அலைந்ததில், அந்தச் சிறு துண்டின் விலை ஒரு 12 ஸ்பீடு செயினின் விலையில் பாதிக்கு வந்து நின்றது. 2019-இல் ஸ்ராம் கொண்டுவந்த யுனிவர்சல் டிரெய்லர் ஹேங்கரைப் பிற ஃபிரேம் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்ட பிறகு, ஒரே ஹேங்கர் எத்தனையோ ஃபிரேம்களுக்குப் பொருந்துகிறது. மவுண்டன் பைக் உலகில் ஓட்டுபவருக்குச் சாதகமாக வந்த அபூர்வமான பொதுமைகளில் இது ஒன்று. அடுத்த ஃபிரேமில் இது இல்லாவிட்டால் வாங்க மாட்டேன்.

அடுத்து, வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்போது பெடலைக் காலால் அழுத்தி அழுத்தி விட்டேன். ஒவ்வொரு இணைப்பின் மேலும் நகத்தை வைத்துப் பார்ப்பது நல்ல உத்தி. சத்தம் பிறக்கும் இடத்தில் நகத்தில் ஒரு சின்ன அதிர்வு தட்டும். தட்டியது. ஆனால் என் ஃபிரேமில் மெயின் பிவட் (பின் முக்கோணம் அசையும் மூட்டு), பாட்டம் பிராக்கெட் ஷெல்லுக்கு மேலே இரண்டு விரல் தூரத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் தட்டியது. பிவட் பேரிங் மாற்றி வெகுநாள் ஆகியிருந்ததால் அதையே முதலில் பிரித்தேன்.

ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பின் முக்கோணத்தைக் கையால் தூக்கி இறக்கினாலே நிலைமை தெரிந்துவிடும். நன்றாக இருக்கும் பேரிங் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். என்னுடையது பாதி வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல நின்றது. சக்கரத்தில் இருக்கும் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதால் கிரீஸ் எங்கும் பரவும். பிவட் பேரிங் சில டிகிரிகள் மட்டும் முன்னும் பின்னும் ஆடும். குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடிவாங்கி ரேசில் (குண்டுகள் ஓடும் வளையத்தில்) பள்ளம் விழும், கிரீஸ் ஒதுங்கும், தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும்.

பேரிங்கின் ரப்பர் சீலில் எண் அச்சாகியிருக்கும். என் மெயின் பிவட்டில் 6902 (உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ.), மேல் லிங்கில் 6900 (10, 22, 6 மி.மீ.). இவை பைக்குக்கென்று பிறந்த அளவுகள் இல்லை. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும் தர அளவுகள். ஃபிரேம் கம்பெனி ‘பேரிங் கிட்’ என்று விற்பதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, எண்ணைச் சொல்லி எல்லாவற்றையும் வாங்கினேன். மெயின் பிவட்டுக்கு மட்டும் கூண்டு இல்லாமல் இடமெல்லாம் குண்டு நிரப்பிய வகையைத் தேடிப் பிடித்தேன். அது வேகமாகச் சுற்றுவதற்கு ஆகாது, ஆனால் மெதுவாக ஆடிக்கொண்டு அதிக பாரம் தாங்கும். பிவட்டுக்கு அதுதான் வேண்டும்.

பழையதை எடுப்பதுதான் கஷ்டம். ஒரு பக்கம் தோள் வைத்த குழியில் உட்கார்ந்திருப்பதால் பின்னாலிருந்து தட்ட இடம் இல்லை. ஹாட் ஏர் கன்னால் அலுமினியத்தைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். பிறகு உள்ளே கொக்கி விரியும் புல்லரால் இழுத்ததும் வந்தது. புதியதை ஏற்ற ஒரு எம்10 மரைத் தண்டு, இரண்டு நட்டு, பேரிங்கின் வெளி ரேசை மட்டும் தொடும் அளவுள்ள சாக்கெட். உள் ரேசில் அழுத்தம் விழுந்தால் புதுப் பேரிங்கும் அங்கேயே கெட்டுவிடும்.

சஸ்பென்ஷன் வெண்ணெயாக ஆனது. சின்னக் கற்களில்கூட வித்தியாசம் தெரிந்தது. ‘கிர்க்’ மட்டும் அப்படியே இருந்தது.

இனி பாட்டம் பிராக்கெட்தான். இந்த அமைப்பின் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமே, திறந்து பார்க்கவே காசு கேட்கிறது என்பது. மரை போட்ட பழைய வகையில், ஸ்பேனரைப் போட்டுக் கழற்றலாம், பார்க்கலாம், துடைக்கலாம், அதையே திரும்பப் பூட்டலாம். பிரஸ்ஃபிட்டில் எதிர்ப்பக்கத்திலிருந்து பேரிங்கின் முதுகில் அடித்துத்தான் கப்பை வெளியே தள்ள முடியும். அந்த அடியில் பேரிங் போய்விடும், பல சமயம் நைலானும் நசுங்கிவிடும். ஆகவே ‘ஒருவேளை இங்கே இருக்குமோ’ என்று பார்ப்பதற்கே ஒரு புதுப் பாட்டம் பிராக்கெட் கையில் இருக்க வேண்டும்.

கிராங்கைக் கழற்றுவது எளிது. இடது கிராங்க் கையில் இருக்கும் இரண்டு பின்ச் போல்ட்டுகளை மாறி மாறித் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, இடையில் இருக்கும் சிறு பாதுகாப்புத் தகட்டைத் தூக்கிவிட்டு, கையை உருவினால் போதும். தண்டை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டி வலப்பக்கம் எடுக்க வேண்டும். உள்ளிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் ஒரு மூடி அளவுக்கு வழிந்தது. சீட் டியூப் வழியாகவும் கேபிள் நுழையும் துளைகள் வழியாகவும் வந்த தண்ணீர் அது. போக வழி இல்லை, ஏனென்றால் ஷெல்லின் அடியில் ஒரு வடிகால் துளை இல்லை. 4 மி.மீ. துளை ஒன்றைத் தொழிற்சாலையில் போட்டு அனுப்பியிருந்தால் எத்தனை பேரிங்குகள் பிழைக்கும்! வீட்டில் டிரில் எடுத்து நாமே போடுவதை நான் செய்யவில்லை. அந்த இடத்தில் ஃபிரேமுக்கு வரும் பாரம் அதிகம்; உத்தரவாதமும் போகும்.

கப் கழற்றும் கருவி ஒரு முனையில் நாலாகப் பிளந்து விரியும் இரும்புக் குழாய். வாங்கியது. தரமான செம்புக் குழாயை ஹேக்ஸாவால் நீளவாக்கில் அறுத்து, முனையை விரித்துத் தாங்களே செய்துகொள்பவர்களும் உண்டு. இரண்டு தட்டில் வலது கப் வந்தது. இடது கப் ஒரே தட்டில், அதுவும் லேசான தட்டில், நழுவி வந்தது. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டியது. அழுத்தி ஏற்றிய ஒரு பொருள் அவ்வளவு சுலபமாக வரக்கூடாது.

அப்போது நான் செய்தது இதுதான்: ஷெல்லின் உட்புறத்தைத் துடைத்து, புது நைலான் கப்புகளில் ரிடெய்னிங் காம்பவுண்ட் தடவி அழுத்தி ஏற்றினேன். அந்தக் காம்பவுண்ட் காற்று படாத இடத்தில், உலோகத்தின் தொடுதலில் இறுகும் பசை. நைலான் உலோகம் இல்லை. ஒரு பக்கம் அலுமினியம் இருந்தாலும், பசையை இறுகத் தூண்டும் ஆக்டிவேட்டர் தெளிக்காமல் விட்டால் முழுப் பிடி வராது. சில பிளாஸ்டிக்குகளை இந்த வகைப் பசைகள் விரிசல் விடவும் வைக்கும். பூட்டிய பிறகு அமைதி. சில வாரங்களில், நீளமான ஒரு செங்குத்து ஏற்றத்தில், அதே ‘கிர்க்’.

மறுபடி கப்பை வெளியே எடுத்தபோது டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தேன். ஷெல்லின் வலப்பக்க உட்சுவரில் ஒரே சீரான மங்கல் நிறம். இடப்பக்கத்தில், கீழ்ப் பாதியில் மட்டும், நாணயத்தின் அகலத்துக்கு ஒரு பட்டை கண்ணாடிபோல மின்னியது. அதன் ஓரத்தில் ஹேங்கரில் பார்த்த அதே கறுப்பு மாவு, தண்ணீரோடு குழைந்து மையாகப் படிந்திருந்தது. அந்தக் கப் ஒவ்வொரு மிதிக்கும் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

கப்புகளை ஏற்ற நான் செய்துவைத்திருந்த எம்12 மரைத் தண்டு பிரஸ்ஸுக்கு, தண்டை நடுவில் நிறுத்தும் இரண்டு புஷ்கள் கடைந்து வாங்க லேத்துக்குப் போயிருந்தேன். ஃபிரேமையும் பழைய கப்பையும் பார்த்த லேத்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “துளைய அளந்தீங்களா சார்?”

அளக்கவில்லை. அளந்தோம். வெர்னியரின் உள் தாடைகளால் வளைந்த சுவரை அளந்தால் கொஞ்சம் குறைத்தே காட்டும். அவர் டெலஸ்கோப்பிக் கேஜை உள்ளே விரித்து, பூட்டி, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தார். ஒவ்வொரு பக்கமும் நாலு திசையில். வலப்பக்கம் 41.02-இலிருந்து 41.04 வரை. இடப்பக்கம் நெடுக்காக 41.14, குறுக்காக 41.05. என் கையில் இருந்த நைலான் கப்பின் வெளிவிட்டம் 41.12. அதாவது இடப்பக்கம் துளை வட்டமே இல்லை, மேலும் கீழும் பிடிக்க ஒன்றும் இல்லை. பாரம் விழுவது சரியாக அந்தத் திசையில்தான். இந்தத் துளைக்குள் எத்தனை புது நைலான் கப் வாங்கிப் போட்டாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். தேய்ந்தது பாட்டம் பிராக்கெட் இல்லை, பிறவியிலேயே துளை சரியில்லை.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரஸ்ஃபிட்டை யாரும் நம்மை வருத்துவதற்காகக் கொண்டுவரவில்லை. மரை வகை ஷெல் 68 அல்லது 73 மி.மீ. அகலம், பேரிங்குகள் அதற்கு வெளியே கப்பில் தொங்கும். பிபி92-இல் அதே பேரிங்குகள் ஷெல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவதால், கிராங்க் தண்டின் நீளம் மாறாமலே ஃபிரேமின் அந்தப் பகுதி அகலமாகிறது. டவுன் டியூபைத் தடியாக வெல்டு செய்யலாம், மெயின் பிவட்டை அகலமாக வைக்கலாம், மிதிக்கும்போது ஃபிரேம் முறுக்குவது குறையும். கார்பன் ஃபிரேமில் மரை போட்ட உலோக உருளையை ஒட்டும் வேலையும் மிச்சம். எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஆதாயமெல்லாம் துளை நூறில் சில பங்கு மில்லிமீட்டர் துல்லியத்தோடு இருந்தால்தான். மரை வகையில் துளை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மரையின் இறுக்கம் சமாளித்துவிடும். பிரஸ்ஃபிட்டில் சமாளிக்க எதுவும் இல்லை. வெல்டு சூட்டில் ஷெல் கோணிய பிறகு மறுபடி ரீம் செய்து அளவுக்குக் கொண்டுவரும் அந்த ஒரு வேலையைத் தொழிற்சாலையில் விட்டால், அது நம் வீட்டுக்கு வந்து சேரும்.

எனக்கு இருந்த வழிகள் குறைவு. பிஎஃப்30 என்ற இன்னொரு பிரஸ்ஃபிட் வகை ஷெல்லாக இருந்திருந்தால் துளை 46 மி.மீ.; உலோக ஃபிரேமில் சுவர் கனம் போதுமானதாக இருந்தால் அதிலேயே டி47 மரை வெட்டிவிடலாம், 47 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி மரை. 41 மி.மீ. துளைக்கு அது நடக்காது. மிஞ்சியது, உள்ளே ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் அலுமினியக் கப்புகள். வலது கப்பின் நீண்ட கழுத்தில் வெளிமரை, இடது கப்பில் உள்மரை. ஷெல்லை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு இவை ஒரே குழாயாகிவிடும். பேரிங்குகள் நேர்க்கோட்டில் நிற்பதற்குத் துளையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நகரவும் முடியாது, ஏனென்றால் ஷெல்லின் இரு முகங்களும் இறுகப் பிடிபட்டிருக்கும்.

அதற்கு அந்த இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷெல்லின் அகலத்தைச் சுற்றிலும் அளந்தேன்: ஓரிடத்தில் 91.5, எதிரே 91.8. பெயிண்ட் திரண்டிருந்தது ஒரு காரணம், வெட்டு கோணலாக இருந்தது இன்னொன்று. முகத்தைச் சமமாகச் சீவும் ஃபேசிங் கருவி சொந்தமாக வாங்கும் விலையில் இல்லை. கருவி வைத்திருந்த ஒரு ஒர்க் ஷாப்பில் கொடுத்து, இரண்டு முகத்தையும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை மட்டும் சீவி வாங்கினேன். அதற்கு மேல் சீவினால் அகலம் குறைந்து, கிராங்க் இறுக்கும்போது தண்டில் ஆட்டம் வந்துவிடும்.

பூட்டிய முறை: ஷெல்லை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கறுப்பு வராமல் போகும்வரை துடைத்தேன். இடப்பக்கத்தில் மட்டும் ரிடெய்னிங் காம்பவுண்ட், இந்த முறை இடைவெளி நிரப்பும் லாக்டைட் 638 வகை. அது 0.25 மி.மீ. வரை நிரப்பும். கப்பின் மேல் ஆக்டிவேட்டர் தெளித்தேன், அனடைஸ் செய்த அலுமினியத்தில் பசை இறுக நேரமாகும் என்பதால். உள் மரையில் பசை படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்; அங்கே கிரீஸ்தான். வலது கப்பை எம்12 பிரஸ்ஸில் அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றினேன், ஒவ்வொரு தடவையும் ஓரம் சுற்றிலும் ஒரே இடைவெளியில் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து. இடது கப்பைக் கையால் தள்ளி, மரை பிடித்ததும் கருவியால் இறுக்கி, பெட்டியில் குறித்திருந்த டார்க்குக்குக் கொண்டுவந்தேன். ஒரு முழு நாள் தொடவில்லை.

கிராங்க் திரும்பப் பூட்டும்போது பலர் கெடுப்பது அந்தப் பிளாஸ்டிக் மூடியை. ஷிமானோ அதற்குச் சொல்வது 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர்தான், விரல் நுனியால் திருகும் அளவு. ஆட்டத்தை எடுப்பது மட்டுமே அதன் வேலை. கையைத் தண்டோடு பிடிப்பது பின்ச் போல்ட்டுகள். மூடியை வலுவாக இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கி விரைவில் கரகரக்கும். பின்ச் போல்ட் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும் என்பதால் இரண்டும் மேலும் திரும்பாமல் நிற்கும்வரை மாறி மாறி இறுக்க வேண்டும்.

கிராங்க் கழன்றிருந்தபோதே செயினையும் அளந்தேன். தனிக் கருவி தேவையில்லை, நல்ல எஃகு அளவுகோல் போதும். பின்னின் மையத்திலிருந்து 12 முழு இணைப்புகள் புதுச் செயினில் 304.8 மி.மீ. இருக்கும். 11, 12 ஸ்பீடு செயினை 0.5 சதவீத நீட்சியில், அதாவது 306.3 மி.மீ.யில் மாற்றிவிட வேண்டும். என்னுடையது 306 தாண்டியிருந்தது, மாற்றினேன். 12 ஸ்பீடு கேசட்டின் பெரும்பாலான பற்சக்கரங்களை ஒரே தொகுதியாக ரிவிட் அடித்தோ, ஒரே கட்டியில் கடைந்தோ தருகிறார்கள். ஒரே ஒரு பற்சக்கரம் தேய்ந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். தேய்ந்த செயினை விட்டுவைத்தால் வரும் செலவு அதுதான்.

செலவுக் கணக்கை இப்படிச் சொல்கிறேன். சாதாரண நைலான் பாட்டம் பிராக்கெட் ஒன்றின் விலையை 1 என்று வைத்துக்கொண்டால், திருகிக்கொள்ளும் அலுமினிய வகை எனக்கு 4 ஆனது. கப் கழற்றும் கருவி 2. எம்12 தண்டு, நட்டு, வாஷர், கடைந்த புஷ்கள் எல்லாம் சேர்ந்து 1-க்கும் கீழே. கடையில் விற்கும் பிரஸ் 6-க்கு மேல். ஃபேசிங் கூலி ஒன்றரை. பசையும் ஆக்டிவேட்டரும் ஒன்றரை. பிவட் பேரிங்குகள் எல்லாம் சேர்ந்து 2, அதற்கான நேரம் தனி. செயின் 2. கேசட் மாற்றும்படி ஆகியிருந்தால் 9. நடுவில் வீணான நைலான் கப்புகளையும் கூட்டினால், இந்த ஒரு சத்தத்துக்காக நான் செலவழித்தது நடுத்தரக் கிராங்க் செட் ஒன்றின் விலையைத் தாண்டுகிறது. மரை போட்ட ஷெல்லாக இருந்திருந்தால் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கிரீஸும்.

அடுத்த முறை வேறு மாதிரி செய்வது எது? பழைய கப் வெளியே வந்த முதல் தடவையே துளையையும் கப்பையும் அளப்பேன், அதன் பிறகுதான் ஆர்டர் போடுவேன். டெலஸ்கோப்பிக் கேஜ் ஒரு செட் விலை உயர்ந்த பொருள் இல்லை. இப்போது என் பெட்டியில் இருக்கிறது. பிவட் பேரிங் மாற்றியது வீண் என்று சொல்ல மாட்டேன், அவற்றுக்கு நேரம் வந்திருந்தது. ஆனால் சத்தத்துக்காக அதை முதலில் பிரித்திருக்கத் தேவையில்லை. ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின் முக்கோணத்தைக் கட்டையில் தாங்கவைத்து, பெடலை அழுத்திப் பார்த்திருந்தால் பிவட்டில் விழும் பாரம் மாறியிருக்கும். இரண்டையும் பிரித்துக் கேட்டிருக்கலாம்.

ஃபிரேம் வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் மாறிவிட்டன. 73 மி.மீ. மரை ஷெல் முதலில். மவுண்டன் பைக் ஃபிரேம்களில் அது திரும்ப வந்துகொண்டிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அடுத்து, பேரிங் எண்களைக் கம்பெனி வெளிப்படையாகக் கொடுக்கிறதா என்பது. பிறகு ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி) வழியாக பிரேக் ஹோஸை நுழைக்கும் ஃபிரேம் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகுதான். ஆனால் ஹெட்செட்டின் மேல் பேரிங்கை மாற்ற, பல ஃபிரேம்களில் பிரேக் ஹோஸைக் கழற்றி, மறுபடி பூட்டி, பிளீடும் செய்ய (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். தண்ணீர் முதலில் இறங்கும் பேரிங் அது. அடிக்கடி மாற்ற வேண்டியதை ஆக மறைவான இடத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது வண்டியைக் கழுவிய ஒவ்வொரு தடவையும் சீட் போஸ்டை உருவிவிட்டுத் தலைகீழாக நிறுத்தி வடியவிடுகிறேன். போஸ்டைத் திரும்பப் போடுமுன் ஷெல்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்துவிட்டதா என்று தெரியும். கப்பில் இருக்கும் பேரிங்குகள் தேய்ந்தால் கப்பைத் தொடாமலே அவற்றை மட்டும் தட்டி எடுத்து மாற்றலாம், ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டேன்.

இதே சத்தத்தோடு யாராவது இருந்தால், அளந்த பிறகு முடிவெடுக்க என் அனுபவத்தில் தோன்றும் கணக்கு இது. துளை நாலு திசையிலும் சீராக, கப்பைவிட 0.05 மி.மீ.யாவது சிறியதாக இருந்தால் புது நைலான் கப்பே போதும். பசையும் வேண்டாம், மெல்லியதாக கிரீஸ் தடவி நேராக ஏற்றினால் சரி. சீராக இருந்து, கப்பின் அளவுக்குச் சமமாக இருந்தால் ஆக்டிவேட்டரோடு பசை, அதற்கு முன் அந்த நைலானுக்கு அது ஒத்துவருமா என்று பசைக் கம்பெனியின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். துளை கோணலாக இருந்தால், அல்லது ஒரு திசையிலாவது கப்பைவிடப் பெரியதாக இருந்தால், நைலானில் காசு போடாமல் நேராகத் திருகும் வகைக்குப் போய்விடுங்கள். ஃபிரேம் இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் எதையும் சீவுவதற்கு முன்பு இந்த அளவுகளை எழுதி, படம் எடுத்து, கம்பெனிக்கு அனுப்புங்கள்.